கேட்காமல் நடந்த வழி

மதகு வீடு, ஹாம்லி
11 அக்டோபர் 1987, ஞாயிறு

அன்புள்ள அக்கா மியூரியலுக்கு,

தங்கை பெரில் எழுதுவது. நான் நலம். இடுப்புதான் ஈரக்காற்றுக்கு முனகுகிறது. உன் ரத்தக்கொதிப்பு எப்படி? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

கிறிஸ்துமஸ் அட்டை தவிர உனக்கு நான் எதுவும் எழுதி வருஷக்கணக்காகிறது. மூன்று மைல் தள்ளி இருக்கிற அக்காவுக்குத் தபால்தலை ஒட்டுகிறாளே என்று தபால்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

விஷயம் இதுதான். டோலி என்று ஒருவர் வந்தார். மாவட்ட அலுவலகத்தில் நடைபாதைகளைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி. செவெர்ன் ஆறு பிறக்கிற மலையிலிருந்து கடலில் விழுகிற இடம் வரைக்கும் கரையோரமாகவே நடந்து போகும்படி ஒரே பாதை சேர்க்கிறார்களாம். இந்தப் பக்கத்தில் எல்லாத் துண்டும் சேர்ந்துவிட்டது. உன் புல்வெளி ஒரு மைல்தான் பாக்கி. அது பொதுவழி என்று எந்தப் பதிவிலும் இல்லை. ஆனால் யாராவது இருபது வருஷம் விடாமல் நடந்திருந்தால் அதுவே வழியாகிவிடும், பிறகு எவரும் அடைக்க முடியாது என்றார்.

"அப்படி விடாம நடக்கறவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

"வாசல்ல சேறு காயாம ஒரு ஜோடி பூட்ஸ் நிக்குதே, கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்றேன்.

சிரில் ஆற்றோடு போய், நான் விதவையாகி இருபது வருஷமும் எட்டு மாதமும் ஆகிறது. ஒரு ஞாயிறு தவறவில்லை. உனக்கே தெரியும். உன் சமையலறை சன்னலைத் தாண்டித்தானே போகிறேன்.

படிவம் கொடுத்திருக்கிறார். அம்மா படுத்த படுக்கையானபோது என்னை ஐந்தாவதோடு நிறுத்தினார்கள், உன்னைப் படிக்கவைத்தார்கள். ஆனாலும் படிவத்தை நானேதான் நிரப்புவேன். உன் முதுகுக்குப் பின்னால் செய்தேன் என்று பேச்சு வரக்கூடாது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

குளிருக்குக் கதகதப்பாக இரு.

உன் தங்கை,
பெரில்


பார்டோ பண்ணை
24 அக்டோபர் 1987

பெரிலுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். ரத்தக்கொதிப்பு, நீ விசாரித்ததும் கொஞ்சம் ஏறியது.

முதலில் ஒன்று. 'அதிகாரி' என்பதை மூன்று தடவை அடித்து அடித்துத் திருத்தி எழுதியிருக்கிறாய். படிவத்தை யாரிடமாவது காட்டிவிட்டு அனுப்பு. அலுவலகத்தில் கையிலிருந்து கைக்குக் கொடுத்துச் சிரிப்பார்கள்.

உன் டோலி இங்கேயும் வந்தார். காலில் டவுன் ஷூ. மாடு மிதித்த சேற்றில் முழங்கால் வரை இறங்கி, ஒரு ஷூவை அங்கேயே கொடுத்துவிட்டு, ஒற்றைக் காலில் தத்திக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"மேடம், இந்த வழி இருக்கே..."

"எந்த வழி? உங்க ஷூ போச்சே, அந்த வழியா?" என்றேன். புதிதாக வந்திருக்கும் பண்ணையாள் லென், சிரித்த சிரிப்பில் பால் வாளியைக் கவிழ்த்துவிட்டான்.

அது வழி இல்லை, பெரில். அது என் புல்வெளி. உன் அத்தான் பெர்சி இருந்தவரைக்கும் சரி, போன பிறகும் சரி, நீ நடக்கிறதைப் பார்த்தும் பாராமல் இருந்தோம். அதற்காக ஊர்பேர் தெரியாதவன் எல்லாம் நாயைப் பிடித்துக்கொண்டு, ஆரஞ்சுத் தோலை எறிந்துகொண்டு, என் மாடுகளுக்கு நடுவே போக விடமாட்டேன்.

சிரிலை நினைக்க உனக்குத் தேவாலயம் இருக்கிறது. அங்கே தரை காய்ந்திருக்கும். உன் இடுப்புக்கும் நல்லது.

இப்படிக்கு,
மியூரியல்


மதகு வீடு, ஹாம்லி
8 நவம்பர் 1987, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாய் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இப்போதுதான் நடந்துவிட்டு வந்தேன். விரல் இன்னும் சூடேறவில்லை, கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். பிழையும் இருக்கும். சிவப்பு மை வாங்கி வைத்துக்கொள்.

வழி இன்றைக்கு மோசம். உன் கேட் அருகில் மாடுகள் மிதித்துக் குழப்பி, பிசைந்த மாவு மாதிரி கிடக்கிறது. ஒரு காலை எடுத்தால் இன்னொன்று இறங்குகிறது. வேலியைத் தாண்ட இருக்கிற அந்தப் பழைய மரப்படியில் பாதி உளுத்துவிட்டது. தவழ்ந்துதான் ஏறினேன். அறுபத்தாறு வயதில் தவழ்கிறேன். அந்தப் பக்கம் இறங்கி, வில்லோ மரங்களைத் தாண்டி, கரை வளைகிற இடத்தில் நின்றேன். ஆறு பழுப்பாக, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கொண்டுபோன டீயைக் குடித்தேன். சிரிலுக்கு ஒரு பிளாஸ்க் மூடி ஆற்றில் ஊற்றினேன். திரும்பி வந்தேன். அவ்வளவுதான் நான் உன் புல்வெளியில் செய்கிற அக்கிரமம்.

தேவாலயம் என்கிறாய். அங்கே பெயர் வெட்டின கல் ஒன்று இருக்கிறது. அதற்கடியில் ஆள் இல்லை. சிரிலை ஆறு திருப்பித் தரவேயில்லை என்பது உனக்குத் தெரியாதா? அந்த வளைவு ஒன்றுதான் எனக்குக் கல்லறை.

அன்றைக்கு அவர் அடுப்பில் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தார். தபாலாபீஸ் பெண் ஓடிவந்தாள். "பண்ணையிலேர்ந்து போன் வந்துச்சு. மாடுங்க வெள்ளத்துல மாட்டிக்கிச்சாம். உங்களை உடனே வரச் சொல்றாங்க" என்றாள். ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டே போனார். பெர்சி அன்று காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்ததாக டாக்டரே சொன்னார். போன் செய்தது யார் என்று நான் இருபது வருஷமாகக் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

மாடுகள் பதினொன்றும் கரையேறின.

படிவத்தை அனுப்பிவிட்டேன்.

உன் தங்கை,
பெரில்


பார்டோ பண்ணை
5 டிசம்பர் 1987

என் அன்பான பெர்ரிக்கு,

சின்ன வயதில் உன்னை அப்படித்தான் கூப்பிடுவேன், ஞாபகம் இருக்கிறதா? சுகமாக இருக்கிறாயா? பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது, மன்னித்துவிடு. டவுனிலிருந்து க்ரெஸ்வெல் என்ற பழைய சிநேகிதர் ஒருவர் இரண்டு மூன்று தடவை டீ குடிக்க வந்தார். நன்றாகப் பேசுகிறவர். அவரோடு பேசப் பேச எனக்குப் பல விஷயம் புரிந்தது. நமக்கு எத்தனை வருஷம் பாக்கி? இரண்டு கிழவிகள் ஒரு மைல் புல்லுக்காக முறைத்துக்கொள்வதா?

உளுத்த மரப்படியைப் பற்றி எழுதியிருந்தாய். படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. லெனைவிட்டுப் புதுப்படி போடச் சொல்லிவிட்டேன். பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் உண்டு. இந்தப் பார்சலில் உனக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். உள்ளே கம்பளி வைத்தது. உன் கால் அளவு ஐந்து, சரிதானே? அக்காவுக்கு அதுகூடத் தெரியாதா?

ஒன்றே ஒன்று. லென் புது ஆள், யாரைக் கண்டாலும் "யாரு நீங்க, எங்க போறீங்க?" என்று நிறுத்துகிறான். அக்கா மனசார விட்டுத்தான் நடக்கிறேன் என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடு. அவனிடம் காட்டிவைக்கிறேன். நம் சண்டை தீர்ந்தது என்பதற்கும் ஒரு அடையாளமாக இருக்கும். உன் கையால் எழுதின நல்ல கடிதம் ஒன்று எனக்கு வேண்டும்.

இடுப்புக்குச் சூடு ஒத்தடம் கொடு.

உன்னை மறக்காத அக்கா,
மியூரியல்


மதகு வீடு, ஹாம்லி
13 டிசம்பர் 1987, ஞாயிறு

என் அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், நலத்துக்கும் மேலே. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். பூட்ஸ் கச்சிதம். இன்றைக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் போனேன். சேறு உறைந்து மேலே பொடிப்பனி, நடந்தால் மொறுமொறு என்கிறது. புதுப்படியில் மகாராணி மாதிரி ஏறி இறங்கினேன். லென் தொப்பியைத் தூக்கினான்.

"பாட்டி, பூட்ஸ் புதுசா? கல்யாணம் கில்யாணம் ஏதாச்சும் உண்டா?"

"உன் கல்யாணத்துக்கு வாங்கினது தம்பி. பொண்ணு கெடைச்சதும் சொல்லி அனுப்பு, அதுக்குள்ள இது கிழிஞ்சிராது பாரு" என்றேன். சரி போங்க என்று வழிவிட்டான்.

நீ கேட்ட வரியை ஒழுங்காக எழுதுகிறேன். இரண்டு தடவை வேறு தாளில் எழுதிப் பார்த்து, அகராதியில் சரிபார்த்துவிட்டுத்தான் இதில் எழுதுகிறேன்:

அன்புள்ள அக்கா, இந்த இருபது வருஷமும் உன் அனுமதியாலும் உன் நல்ல மனசாலும்தான் நான் உன் புல்வெளி வழியாக நடந்தேன். நீ விடாவிட்டால் எனக்கு வழியேது? அதற்கு என் மனமார்ந்த நன்றி.

லெனிடம் காட்டு. சுவரில் ஒட்டினாலும் சரி.

உனக்குப் பிடித்த இஞ்சிக் கேக் செய்து அனுப்புகிறேன்.

என்றும் உன்,
பெர்ரி


பார்டோ பண்ணை
19 டிசம்பர் 1987

அன்புள்ள பெர்ரிக்கு,

நலம். கேக் கிடைத்தது, இஞ்சி தூக்கல். கடிதமும் கிடைத்தது. ஒரு பிழைகூட இல்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மூன்று மணிக்கு டீ குடிக்க வாயேன்.

அக்கா


மதகு வீடு, ஹாம்லி
3 ஜனவரி 1988, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷ வாழ்த்துகள். உடம்புக்கு ஒன்றுமில்லையே? அதுதான் கவலை.

அன்றைக்கு மூன்று மணிக்குச் சரியாக வந்தேன். நல்ல கோட்டும் தொப்பியும் போட்டு, சேறு படாமல் இருக்கட்டும் என்று சாலை வழியாகவே சுற்றி வந்தேன். மழை பிடித்துக்கொண்டது. மணியை அடித்தேன். உள்ளே விளக்கு எரிந்தது. கொட்டகையிலிருந்து லென் எட்டிப் பார்த்தான்.

"அம்மா பிரிஸ்டல் போயிட்டாங்களே பாட்டி, சொல்லலையா?"

"வெளக்கு எரியுதேப்பா?"

"அது... திருடன் வராம இருக்க" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

கடைசி நிமிஷத்தில் உன் மகன் வந்து அழைத்துப் போயிருப்பான், தகவல் சொல்ல நேரமிருந்திருக்காது. எனக்கு வருத்தமில்லை. கதவடியில் ஒரு ஜாடி ஊறுகாய் வைத்துவிட்டு வந்தேன், எடுத்தாயா?

பாதை விஷயமாகப் பிப்ரவரி நாலாம் தேதி ஊர் மண்டபத்தில் விசாரணை வைத்திருக்கிறார்கள். இனி அது வெறும் சடங்குதான் என்று டோலியிடம் சொன்னேன். "எங்கக்காவும் நானும் ராசியாயிட்டோம்." அவர், "எப்படி ஆனீங்க?" என்று ஒரு மாதிரியாகக் கேட்டார். பொறாமைக்காரர்.

பதில் போடு.

பெர்ரி


மதகு வீடு, ஹாம்லி
7 பிப்ரவரி 1988, ஞாயிறு

அக்காவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நீ நலம் என்பதை மண்டபத்திலேயே பார்த்தேன். முன்வரிசையில் நீல உடையில் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்துத் தலையாட்டினாய். நானும் ஆட்டினேன்.

டீ குடிக்க வந்த க்ரெஸ்வெல் உன் வக்கீல் என்று அவர் எழுந்து நின்றபோதுதான் எனக்குத் தெரியும்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமா. அகராதி பாத்து எழுதினேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

"சத்தமாப் படிங்க."

படித்தேன். அனுமதி, நல்ல மனசு, நன்றி. தடுமாறாமல் படித்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால் டோலி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறார். தலைமை அதிகாரி மெதுவாகத்தான் சொன்னார்: "பூட்டை உடைக்காம, ஒளிஞ்சு போகாம, யாரையும் கேக்காம இருபது வருஷம் நடந்தாத்தாம்மா அது வழி. அனுமதியோட நடந்தது விருந்தாளி நடந்த மாதிரி. அது எத்தனை வருஷமானாலும் வழியாகாது." மீன்பிடிக்கிறவர்கள் ஆறு பேர் எனக்காகச் சாட்சிக்கு வந்திருந்தார்கள். அவர்கள் சங்கத்து அனுமதிச் சீட்டு வைத்திருக்கிறவர்களாம், அவர்கள் நடையும் கணக்கில் வராதாம். கேட்காமல் நடந்தவள் ஊரிலேயே நான் ஒருத்திதான். அதையும் நானே எழுதிக் கெடுத்தேன்.

வெளியே டோலி கேட்டார், "ஏம்மா நன்றி சொன்னீங்க?"

"பூட்ஸ் குடுத்தா நன்றி சொல்ல வேண்டாமா? எங்கம்மா எங்களை அப்படி வளக்கலை."

"பூட்ஸுக்குச் சொன்னது சரி. வழிக்கும் சேத்துச் சொல்லிட்டீங்களே."

நீண்ட பாதை இனி நம் ஊரில் ஆற்றை விட்டு லாரி போகிற சாலையில் மூன்று மைல் சுற்றிப் போகும்.

இன்று காலை போனேன். புதுப்படியைப் பிடுங்கி எறிந்திருக்கிறார்கள். முள்கம்பி. கேட்டில் சங்கிலி. லென் அங்கே நின்றான். "பாட்டி, என்னை ஒண்ணும் கேக்காதீங்க" என்றான். கேட்கவில்லை. டீயைக் கம்பிக்கு இந்தப் பக்கமே சேற்றில் ஊற்றிவிட்டு வந்தேன்.

என் காலளவு உனக்கு ஞாபகம் இருந்ததே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பெரில்


பார்டோ பண்ணை
11 பிப்ரவரி 1988

அன்புள்ள பெரிலுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்கவேண்டும்.

படிவத்தில் நீ எழுதியது உண்மை. ஒரு ஞாயிறும் தவறவில்லை. எனக்குத் தெரியாதா? பத்தரை மணிக்கு நான் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டு நிற்பேன். நீ அந்தப் பச்சைக் கோட்டில் வருவாய். சன்னல் பக்கம் தலை திருப்பமாட்டாய். ஒரு தடவையாவது வந்து கதவை இடித்திருக்கலாம். வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கலாம். ஒன்றும் கேட்காமல் போவாய், ஒன்றும் கேட்காமல் வருவாய். ஆயிரத்துக்கு மேல் ஞாயிறுகள்.

"அந்தத் திரையைப் போட்டுத் தொலையேன்" என்பார் பெர்சி. போட்டேன். திரை போட்டாலும், உன் கால் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருகிற சத்தம் கேட்கும். பெர்சி சாகும்போது அவர் மூச்சிலும் எனக்கு அதுதான் கேட்டது.

கேட்காமல் நடந்தால் வழி உன்னுடையது, கேட்டால் என்னுடையது என்று க்ரெஸ்வெல் சொன்னபோது, சட்டம் எழுதினவன் நம் இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினானோ என்று நினைத்தேன்.

நான் கல்நெஞ்சக்காரி இல்லை. நீ வரலாம். கேட்டுவிட்டு வா. ஒவ்வொரு தடவையும் எழுதிக் கேள், எந்தத் தேதி, எத்தனை மணி என்று. நான் பதில் போடுகிறேன்.

பூட்ஸைத் திருப்பி அனுப்பவேண்டாம்.

அக்கா


மதகு வீடு, ஹாம்லி
15 பிப்ரவரி 1988

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டு, இது ஐந்தாவது.

வருகிற 21ஆம் தேதி ஞாயிறு, சிரில் போன நாள். அன்று காலை பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை உன் புல்வெளி வழியாக ஆற்று வளைவு வரை நடந்து திரும்ப உன் அனுமதி கேட்கிறேன். நாய் கிடையாது. கூட யாரும் வரமாட்டார்கள். கேட்டைத் திறந்தால் மூடிவிடுவேன்.

கேட்கச் சொன்னாய், கேட்டுவிட்டேன். இத்தனை நாள் நான் நிமிர்ந்து நடந்தேன் என்பதாவது உனக்குத் தெரியும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை. அந்தப் போன் விஷயத்தையும் கேட்கவைக்கத்தான் இவ்வளவும் செய்தாயோ என்று உன் கடிதத்தைத் திரும்பப் படிக்கும்போது தோன்றியது. அதை மட்டும் கேட்கமாட்டேன்.

சனிக்கிழமைக்குள் பதில் வந்தால் நல்லது.

பெரில்


பார்டோ பண்ணை
18 பிப்ரவரி 1988

அன்புள்ள பெரிலுக்கு,

உன் விண்ணப்பம் கிடைத்தது. நான் நலம். ரத்தக்கொதிப்பு இந்த வாரம் இறங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார்.

21ஆம் தேதிக்கு அனுமதி இல்லை. திங்கட்கிழமையிலிருந்து ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது. வளைவில் கரை தெரியவில்லை. லென் வருவதற்குக் காத்திராமல் மாடுகளை நானே மேட்டுக்கு ஓட்டிவிட்டேன். இந்தத் தண்ணீரில் ஒரு ஆளை அங்கே வா என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இன்னொரு தடவை சொல்லமாட்டேன்.

மார்ச்சில் வேண்டுமானால் கேள். பார்க்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா மியூரியல்